ஐந்து இருபதுக்குப் பற்றும் நெருப்பு

பூர்ஸா, அக்டோபர் 14

அன்புள்ள துன்ஜாய் அண்ணா,

அம்மா உன் கண்களில் முத்தமிடுகிறாள், நான் உன் கையில் முத்தமிடுகிறேன். இறைவன் புண்ணியத்தில் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால்தான் வானிலை அறிக்கைக்கு முன்னாலேயே மழை வருவதைச் சொல்லிவிடுகிறது. நீ எப்படி இருக்கிறாய்? சிவாஸில் இப்போதே பனி கொட்டுகிறது என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். கம்பளிக் காலுறை வந்து சேர்ந்ததா? சிறைக்குள் விட்டார்களா?

செவ்வாய்க்கிழமை போனில் கிடைக்கும் பத்து நிமிடத்தையும் அம்மாவே அழுது தீர்த்துவிடுகிறாள். அதனால் வீட்டு விஷயத்தை எழுதித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. தெருவெல்லாம் பாய்லர் பழுது பார்த்தவனின் அம்மாவும் தங்கையும் வீட்டுக்குள் கோட்டு போட்டுக்கொண்டு சாப்பிடுகிறோம். நடையில் அப்பா மாட்டிய, வீட்டுச் சூட்டைப் பார்த்துப் பாய்லரை எரிக்கிற வட்டத் தெர்மோஸ்டாட்டுக்கு வயதாகிவிட்டது. "டிக்" என்கிறது, பாய்லர் எரிவதில்லை. எரிந்தாலோ வீடு ஹமாம் குளியலறை போல ஆவி பறக்கும்வரை நிற்பதில்லை.

அலமாரியில் புதியது இருக்கிறதே, அதை மாட்டலாமா? போன பிப்ரவரியில் ஜோடியாக வாங்கி வந்தாயே, எதிர்வீட்டு முனிரெ பெரியம்மாவுக்கு ஒன்று, நமக்கு ஒன்று. பாய்லருக்குப் பக்கத்தில் மாட்டும் ரிசீவரும், எத்தனை டிகிரி வேண்டும் என்று கம்பியில்லாமல் அதற்குச் சொல்கிற, எங்கே வேண்டுமானாலும் தூக்கி வைக்கிற கைப்பெட்டியும் அட்டைப்பெட்டிக்குள் அப்படியே இருக்கின்றன. எந்தக் கம்பி எங்கே போகும் என்று எழுது, போதும்.

அதைத் தொட எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். பெரியம்மா இறந்த காலையில் நீ எதிர்வீட்டிலிருந்து வந்தாய். நேராகப் பால்கனிக்குப் போய், ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவில் இருந்த நம் கைப்பெட்டியை எடுத்துப் பேட்டரியைப் பிடுங்கினாய். "யாருடி இதுக்குள்ள பேட்டரி போட்டது?" என்று என்னிடம் கத்தினாய். வெளிச்சம் எப்படி வருகிறது என்று பார்க்க முந்தைய மாலை நான்தான் போட்டு அங்கே வைத்திருந்தேன். இத்தனை வருடத்தில் நீ என்னிடம் கத்தியது அந்த ஒரு தடவைதான். எதிர்வீட்டில் பிணம் கிடக்கும்போது பேட்டரிக்காகக் கத்துவார்களா? நீ அன்று உன் நிலையில் இல்லை. அப்போதே மன்னித்துவிட்டேன், கவலைப்படாதே.

அத்திப்பழ ஜாம் போட்டோம். உனக்கு அனுப்ப முடியாததால் நானே இரண்டு பங்கு சாப்பிடுகிறேன்.

உன் தங்கை,
நிலூஃபர்


சிவாஸ், நவம்பர் 2

அன்புள்ள நிலூஃபர்,

அம்மாவின் கைகளுக்கு முத்தம். உனக்கு என் அன்பு. நான் நலம். காலுறை வந்தது. இங்கே எங்கள் அறையில் ரேடியேட்டர் பாதிதான் சுடும். உள்ளே அடைபட்ட காற்றைத் திறந்துவிட்டுச் சரிசெய்தேன், இப்போது எல்லோரும் என்னை மேஸ்திரி என்கிறார்கள். ஜாம் உன் உடம்பில் தெரியும், பார்த்துச் சாப்பிடு.

புதியதை மாட்டாதே. பழையதற்கு ஒன்றும் ஆகவில்லை. மின்சாரத்தை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினால் உள்ளே வளைந்த உலோகத் தகடு ஒன்று தெரியும். சூட்டில் அது வளைகிறது, குளிரில் நிமிர்கிறது, அதுதான் அந்த "டிக்". தொடுமுனையில் கரி படிந்திருக்கும். வெள்ளைக் காகிதத்தை நடுவில் விட்டு இழு. இன்னும் பத்து வருடம் ஓடும்.

அலமாரியில் இருப்பதைக் குப்பையில் போடு. யாருக்கும் கொடுக்காதே.

தெற்கிலிருந்து லோடோஸ் காற்று வருகிறது என்று அறிவித்தால் சுவரில் இருக்கும் எதையும் நம்பாதே. பாய்லரின் பிளக்கையே பிடுங்கிவிடு. நம் கட்டடத்தில் எல்லாம் பழைய புகைக்குழாய். அந்தக் காற்று புகையை வீட்டுக்குள் திருப்பி ஊதும். உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
துன்ஜாய்


பூர்ஸா, நவம்பர் 20

அன்புள்ள அண்ணா,

சலாம். நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் "பார்க்கப்பட்டது" முத்திரையோடு நேற்றுதான் வந்தது. அதிகாரிகள் வரி வரியாகப் படித்திருப்பார்கள் போல. அவர்களுக்கும் என் சலாம்.

நீ சொல்வதற்குள் காரியம் நடந்துவிட்டது. கோபிக்காதே. அம்மாவின் விரல் நீலம் பாய்ந்துபோனதைப் பார்த்து, போன செவ்வாய் மாலை எக்ரெம் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். வட்டத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, பாய்லர் பக்கத்தில் ரிசீவரை மாட்டினார். கைப்பெட்டியில் இருபத்து நான்கு வைத்தார். அதே நேரம் பாய்லர் குப்பென்று பற்றியது. "பாத்தியா, எள்ளுன்னா எண்ணெயா நிக்குது" என்று ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். நடைச் சுவரில் பழையது இருந்த இடத்தில் வட்டமாக ஒரு வெளிறிய தடம். அம்மா அதன் மேல் காலண்டர் மாட்டிவிட்டாள்.

ஆனால் அண்ணா, இது நம் பேச்சைக் கேட்கிற ஜாதி இல்லை. நான் ஏற்றினால் எரிவதில்லை, இறக்கினால் அணைவதில்லை. தானாக விடியற்காலையில் எரிகிறது, மாலையில் எரிகிறது. அப்போதெல்லாம் கைப்பெட்டியின் திரையில் நெருப்பு அடையாளமே இருக்காது. யாரோ கேட்கிறார்கள், நாங்கள் இல்லை.

அம்மாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. கைப்பெட்டியை இன்னமும் "கடிகாரம்" என்றுதான் சொல்கிறாள். விடியலில் பாய்லர் பற்றும் சத்தம் கேட்டதும் எழுந்துபோய், சமையலறையில் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். "என்னம்மா பண்றே?" என்றால், "முனிரெக்குக் குளுருது. கேக்குறா" என்கிறாள். முப்பது வருடம் எதிரெதிர் வீட்டில் காபி குடித்தவர்கள், அந்த ஏக்கம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அவள் அதைச் சொல்லும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

துண்டு ஆலையில் இரண்டு பேர் சொல்லாமல் நின்றுவிட்டதால் எனக்கு இரட்டை வேலை. உடம்பைப் பார்த்துக்கொள்.

நிலூஃபர்


சிவாஸ், டிசம்பர் 1

நிலூஃபர்,

அம்மாவுக்கு முத்தம். நலம்.

சரியாக எத்தனை மணிக்குப் பற்றுகிறது? எத்தனை மணிக்கு அணைகிறது? எல்லா நாளும் ஒரே மாதிரியா? கடிகாரத்தைப் பார்த்து எழுது. எக்ரெமிடம் எதுவும் கேட்காதே.

துன்ஜாய்


பூர்ஸா, டிசம்பர் 12

அன்புள்ள அண்ணா,

சலாம், முத்தம், எல்லாம். மூன்று வரிக் கடிதத்துக்கு நான் எவ்வளவு நீளமாகப் பதில் எழுத வேண்டியிருக்கிறது பார்.

ஒரு வாரம் நோட்டில் குறித்தேன். காலை ஐந்து இருபதுக்குப் பற்றுகிறது, ஏழுக்கு அணைகிறது. மாலை நான்கிலிருந்து ஆறரை. ஆறு நாள் இப்படி. வியாழக்கிழமை மட்டும் மதியம் ஒரு மணிக்கே பற்றி எட்டுவரை எரிகிறது. நான் இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன் அண்ணா. முனிரெ பெரியம்மா ஐந்து இருபதுக்குத் தொழுகைக்கு எழுவாள். நான்கு மணிக்கு டீ வைப்பாள். வியாழன் மதியம் அவள் வீட்டில்தான் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிக் குர்ஆனின் யாசீன் அத்தியாயம் ஓதுவார்கள், வீடு சூடாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். என் கையில் மயிர் எல்லாம் நட்டுக்கொண்டது. எதிர்க்கதவு பூட்டியே கிடக்கிறது. அவள் மகன் ஜெங்கிஸ் ஜெர்மனியிலிருந்து அடக்கத்துக்கு வந்து பூட்டிவிட்டுப் போனதுதான்.

சரி, பயப்பட்டது போதும். எனக்கு ஒரு யோசனை வந்து, உன் வழக்கைப் பார்த்த வக்கீலம்மா பெல்கினிடம் போனேன். உன் வழக்கில் நிபுணர் அறிக்கை என்ன சொன்னது? கைப்பெட்டி கட்டிலருகே ஐந்து டிகிரியில் இருந்தது, அதாவது அணைக்கப்பட்டிருந்தது. ஆனால் பாய்லர் இரவு முழுக்க எரிந்தது. லோடோஸ் புகையைத் திருப்பி ஊதியது, தூக்கத்திலேயே பெரியம்மாவின் மூச்சு நின்றது. ஆகவே மாட்டியவன் கவனக்குறைவு. மூன்று வருடம் நான்கு மாதம். நீ மாட்டிய அன்று மாலையே பெரியம்மா நம் வாசலில் நின்று, "பள்ளிவாசல்ல காத்து வருதுன்னு அறிவிச்சாங்க. நான் அஞ்சுக்கு இறக்கிட்டேன் துன்ஜாய், இனி எரியாதுல்ல?" என்றாள். "எரியாது பெரியம்மா, நிம்மதியா தூங்குங்க" என்றாய். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

இப்போது நம் வீட்டிலும் அதே நோய்! கைப்பெட்டி ஒன்று சொல்கிறது, பாய்லர் வேறொன்று செய்கிறது. மாட்டியது நீ இல்லை, எக்ரெம். அப்படியானால் குற்றம் சாமானில், உன் கையில் இல்லை. பெல்கின் அம்மா எழுந்தே நின்றுவிட்டார். "மறுவிசாரணைக்கு மனு போடலாம், வீட்டுக்கு நிபுணரை அனுப்புறேன், எல்லார்கிட்டயும் வாக்குமூலம் வாங்கணும்" என்றார். இந்த ஒரு வருடத்தில் நான் முதல்முறையாகப் பேருந்தில் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். நீ வந்துவிடுவாய் அண்ணா. அத்திப்பழ ஜாமில் ஒரு ஜாடியை ஒளித்து வைத்திருக்கிறேன்.

சந்தோஷத்துடன்,
நிலூஃபர்


பூர்ஸா, ஜனவரி 9

அண்ணா,

சலாம். நலம்தானே? ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மனுவில் நீ கையெழுத்துப் போட வேண்டும். பெல்கின் அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

போன செவ்வாய்க்கு முந்தைய செவ்வாய் நீ போன் செய்து அம்மாவிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னாயாம். "நிலூஃபர்கிட்ட சொல்லு, இன்னிக்கே பாய்லர் பிளக்கைப் புடுங்கச் சொல்லு, நாளைக்கு லோடோஸ்." பத்து நிமிடத்தில் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வைத்துவிட்டாய். பிடுங்கினேன். மறுநாள் காற்று அடித்தது, மூன்றாம் தெருவில் கூரை ஓடு பறந்தது. அம்மா அன்று விடியலிலும் அணைந்த பாய்லருக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். "இன்னிக்கி அவளைக் கேக்க விடாமப் பண்ணிட்டீங்க" என்று மட்டும் சொன்னாள்.

உனக்கு வெளியே வர ஆசை இல்லையா? இருந்தால் எழுது.

நிலூஃபர்


சிவாஸ், ஜனவரி 17

அன்புள்ள நிலூஃபர்,

அம்மாவுக்கு முத்தம். நான் நலம். கோபம் வேண்டாம்.

மனு வேண்டாம். கையெழுத்துப் போட மாட்டேன். வக்கீலுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடு. நிபுணர் யாரும் வீட்டுக்குள் வரக் கூடாது. யாரிடமும் வாக்குமூலம் வாங்கக் கூடாது, முக்கியமாக அம்மாவிடம். அவளிடம் அந்த இரவைப் பற்றி எதையும் கேட்காதே. தப்பு என்னுடையது. நீதிபதி கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன். பொய் சொல்லவில்லை.

ரிசீவரைக் கழற்றிப் பழையதை மாட்டு. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

துன்ஜாய்


பூர்ஸா, பிப்ரவரி 4

அண்ணா,

நலமா என்று கேட்கிறேன், வழக்கத்தை விடக் கூடாது என்பதால்.

கெஞ்சியிருக்கிறாய். நீ கெஞ்சுகிறவன் இல்லை. அதனால்தான் போனேன்.

பெரியம்மாவின் மாற்றுச் சாவி நம் தேயிலை டப்பாவில்தான் இருக்கிறது, அம்மா ஜெங்கிஸிடம் கொடுக்கவே இல்லை. போன வியாழன் அரை நாள் விடுப்பு எடுத்தேன். அம்மா கீழ்வீட்டில் யாசீன் ஓதப் போயிருந்தாள். நம் கதவையும் திறந்து வைத்துவிட்டு எதிர்க்கதவைத் திறந்தேன். நல்ல வெயில் அடிக்கும் மதியம், ஆனால் உள்ளே மூச்சு புகையாக வந்தது. வாசலில் அவள் செருப்பு ஜோடியாகக் கால் நுழைக்கத் தயாராக இருந்தது. எல்லாவற்றின் மேலும் தூசி. கட்டிலருகே கைப்பெட்டி மட்டும் விழித்திருந்தது.

திரையில் அறையின் சூடு ஏழு. கேட்கிற சூடு இருபத்து இரண்டு. பக்கத்தில் நெருப்பு அடையாளம். ஒரு வருடமாக அந்தக் காலி அறையில் அது, நீ அவளுக்காக வைத்துக் கொடுத்த நேரத்தில், தினமும் சூடு கேட்டுக்கொண்டிருக்கிறது. அன்றிரவு அவள் கையால் ஐந்துக்கு இறக்கியது அந்த ஒரு இரவுக்குத்தான். மறுநாள் அது தன் வழக்கத்துக்குத் திரும்பிவிட்டது, அவள் திரும்பவில்லை.

பொத்தானை அமுக்கி ஐந்துக்கு இறக்கினேன். நெருப்பு அடையாளம் மறைந்தது. திறந்த இரண்டு கதவுகள் வழியாக நம் சமையலறையில் பாய்லர் அணையும் சத்தம் கேட்டது. ஏற்றினேன், பற்றியது. மூன்று தடவை செய்து பார்த்தேன். நான்காவது தடவைக்குக் கை வரவில்லை.

நம் வீட்டில் இருக்கும் ரிசீவர் அவளுடையது. அப்படியானால் அவள் வீட்டில் இருந்தது நம்முடையது. அவள் ஐந்துக்கு இறக்கிவிட்டு நிம்மதியாகப் படுத்தாள். அவள் பாய்லர் அவளுக்குக் கீழ்ப்படியவில்லை, நம் பால்கனியில் ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவில் இருந்த பெட்டிக்குக் கீழ்ப்படிந்தது. பேட்டரி போட்டது நான். அவள் படுக்கையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

அப்புறம்தான் அந்தக் காலை முழுவதும் நினைவுக்கு வந்தது. நான் பேட்டரி போட்டபோது திரையில் பதினைந்து இருந்தது. அன்று பால்கனி பதினேழு, பதினெட்டு இருக்கும், அந்தக் காற்று வெதுவெதுப்பானது. பதினைந்து கேட்டால் பாய்லர் எரிந்திருக்காது. ஆனால் நீ எடுத்தபோது அதில் முப்பது இருந்தது. முதலில் நீ பொதுவாகத்தான் கேட்டாய், "யார் இதைத் தொட்டது?" என்று. ஒருவர் பதில் சொன்னார்: "கடிகாரம் நேரம் தப்பா காட்டுச்சு, திருத்தலாம்னு அமுக்கினேன். முப்பதுக்கு மேல ஏறமாட்டேங்குது." உன் முகம் வெளுத்துப்போனது. உடனே என் பக்கம் திரும்பிப் பேட்டரிக்காகக் கத்தினாய்.

நம் வீட்டில் அதைக் கடிகாரம் என்று சொல்வது ஒரே ஒருவர்தான். பெயர் எழுத மாட்டேன். படிக்கிற அதிகாரிகளுக்குச் சலாம்.

நிலூஃபர்


சிவாஸ், பிப்ரவரி 18

என் தங்கமே,

கைகளுக்கும் கண்களுக்கும் முத்தம். இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

இரண்டு அட்டைப்பெட்டியையும் நம் சமையலறை மேசையில்தான் திறந்தேன். ஒரு பெட்டிக்குள் இருக்கும் இரண்டும் தொழிற்சாலையிலேயே ஒன்றுக்கொன்று பழக்கப்பட்டு வரும். நான் பேசிக்கொண்டே டீ குடித்துக்கொண்டே ஒன்றின் கைப்பெட்டியையும் மற்றதன் ரிசீவரையும் எடுத்துக்கொண்டு போனேன். பெரியம்மா வீட்டில் ரிசீவரின் பொத்தானை அமுக்கினேன், பாய்லர் பற்றியது, அது போதும் என்று விட்டுவிட்டேன். கைப்பெட்டியில் ஏற்றி இறக்கிப் பார்த்திருந்தால் அந்த நிமிடமே தெரிந்திருக்கும். வேறொரு வீட்டில் எனக்காகக் காத்திருந்தார்கள். அதனால்தான் தப்பு என்னுடையது என்கிறேன். பேட்டரி தப்பு இல்லை, முப்பது என்ற எண்ணும் தப்பு இல்லை.

ஆனால் கோர்ட்டில் அதைச் சொன்னால் அந்த எண்ணை யார் வைத்தது என்று கேட்பார்கள். கேட்டால் அவர் சொல்லிவிடுவார், மறைக்கத் தெரியாதவர். தண்டனை கொடுப்பார்களோ இல்லையோ, முப்பது வருடச் சிநேகிதியைத் தன் விரல் கொன்றது என்று தெரிந்துகொண்டு அவர் அந்த வீட்டில் ஒரு நாள் உயிரோடு இருப்பாரா? நன்னடத்தைக் கழிவு போக எனக்கு இன்னும் பதினெட்டு மாதம்தான். கடந்துவிடும்.

நீயும் இதைச் சுமக்க வேண்டாம் என்றுதான் குப்பையில் போடச் சொன்னேன். கேட்கிற ஆளா நீ?

கடிதத்தை எரித்துவிடு.

துன்ஜாய்


பூர்ஸா, மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

சலாம். நலம். பெல்கின் அம்மாவிடம் மனு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பைத்தியம் போலப் பார்த்தார். வாசல்வரை வந்து, "மனசு மாறினா எப்ப வேணா வாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக்குப் போய் அந்தக் கைப்பெட்டியிலிருந்து பேட்டரியை எடுத்து, பெட்டியையும் பேட்டரியையும் அவள் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, சாவியைத் தேயிலை டப்பாவில் போட்டேன். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. வழக்கம்போல டீ வைக்கிறாள், வழக்கம்போல என்னைத் திட்டுகிறாள். அவள் முகத்தை நேராகப் பார்க்க எனக்குத்தான் கஷ்டமாக இருக்கிறது. எக்ரெம் மேஸ்திரி ஊருக்குப் போயிருக்கிறார், வந்ததும் பழையதை மாட்டச் சொல்லியிருக்கிறேன்.

திங்கள் விடியலில் பாய்லர் பற்றவில்லை. அம்மா சமையலறையில் அந்தக் குளிரில் ஏழு மணிவரை உட்கார்ந்திருந்தாள். நிம்மதியாக இருந்தது எனக்கு, அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

ஆனால் இன்று, அண்ணா, ஐந்து இருபதுக்கு அது பற்றியது. படுக்கையில் கிடந்தபடி கேட்டேன். பேட்டரி இல்லாத பெட்டி கேட்கிறது, பாய்லர் கொடுக்கிறது. எதிர்வீட்டுக்குப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நீ மெக்கானிக், காரணம் இருந்தால் எழுது. இல்லையென்றாலும் ஏதாவது ஒரு காரணம் எழுது.

நிலூஃபர்


(தேதி இல்லை. பென்சிலில், பெரிய எழுத்துகளில்.)

என் மகன் துன்ஜாய்,

கண்ணுல முத்தம். இத நானே எழுதுறேன். நகராட்சி வகுப்புக்கு என்னைக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனது முனிரெதான். அவ சீக்கிரம் கத்துக்கிட்டா, நான் மெதுவா கத்துக்கிட்டேன். தப்பு இருந்தா சிரிக்காத. படிக்கிற ஐயாமாரே, நீங்களும் படிங்க, மறைக்க ஒண்ணும் இல்ல.

உன் தங்கச்சி உன் கடுதாசிய எரிக்க மனசில்லாம மாவு டப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்சா. இந்த வீட்டுல மாவு டப்பாவ யாரு தொறப்பா? நானும் இருவத்தஞ்சு வருசமா அவ ரொட்டி சுடுவான்னு காத்திட்டிருக்கேன்.

அதப் படிச்சுத்தான் தெரிஞ்சதுன்னு நெனைக்காத. அன்னிக்கி நீ அவளத்தான் திட்டுன, ஆனா கண்ணு என் மேல இருந்துச்சு. பெத்தவளுக்குத் தெரியாதா? என்ன தப்புன்னு புரியல, என் தப்புன்னு புரிஞ்சுது. அப்புறம் இந்த நவம்பர் குளுருல பாய்லர் அஞ்சு இருவதுக்குப் பத்துனப்ப முழுசா புரிஞ்சுது. முனிரெ என்னை எழுப்புறா. எழுந்து போயி அது முன்னால உக்காந்து மன்னிப்புக் கேப்பேன். ஏழு மணிக்கு அணையும். அவ மன்னிச்சாளா இல்லையான்னு தெரியாது, மறுநா மறுபடி கூப்புடுவா.

நிலூஃபர் பேட்டரிய எடுத்துட்டா. அன்னிக்கி அது எரியாதப்ப அந்தக் குளுர் எனக்குத் தாங்கல. சாயங்காலம் அவ ஆலையில இருந்தப்ப நான் போயி இழுப்பறையிலிருந்து எடுத்துத் திரும்பப் போட்டுட்டேன். பாவம், பேய்னு நெனச்சுப் பயந்து கெடக்கா. நான்தான்னு சொல்லிரு.

நீயும் அவளும் எனக்குத் தெரியக் கூடாதுன்னு ஆளுக்கொரு பக்கம் பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. அந்த வீட்டுல நான் ஒரு நா உசுரோட இருப்பேனான்னு எழுதியிருக்க. ஒரு வருசம் இருந்திருக்கேன் மகனே. நீ அங்க குளுருல கெடக்க, நான் இங்க சூட்டுல இருந்துக்கிட்டு ஒவ்வொரு நாளும் இருந்திருக்கேன். அதவிடப் பெருசா எந்தக் கோர்ட்டு என்ன குடுத்துரும்?

நாளைக்கு அடையாள அட்டைய எடுத்துக்கிட்டு அந்த வக்கீலம்மாகிட்டப் போறேன். கடிகாரத்தையும் பையில போட்டுட்டேன். எந்தப் பொத்தான், எத்தன தடவ, முப்பதுல நின்னது, எல்லாம் சொல்லுவேன். பெட்டி மாத்தினது உன் தப்பு, அத நீ சொல்லு. அமுக்குனது நான், அத நான் சொல்றேன். ஜெங்கிஸுக்கும் போன் போட்டு அழுதுட்டேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டான். அப்புறம் அவங்கம்மா செருப்ப உள்ள எடுத்து வைக்கச் சொன்னான். வச்சுட்டேன்.

மத்தியானத்துலேருந்து காத்து மாறியிருக்கு, முழங்கால் சொல்லுது. இப்பத்தான் பள்ளிவாசல்லயும் அறிவிச்சாங்க. நிலூஃபர் இன்னும் வரல. நான் நாற்காலி போட்டு ஏறி, பாய்லர் பிளக்க என் கையாலயே புடுங்கிட்டேன்.

உன் அம்மா